சரோஜாக்காவின் லோஷன் பேசின்

சரோஜாக்கா போய்விட்டார். இன்று காலை அவர் மகள் போன் செய்து சொன்னாள்... பதினோரு நாள் ஐசியு.

பழைய ஸ்டாஃப் யாராவது இதைப் படித்தால் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் அம்பத்தூரில் நாம் வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஐசியு வாசல் ஆயா. கள்ளிக்குப்பத்துக்காரர். நான் அங்கே லேப் டெக்னீஷியன்.

வாசலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் எனாமல் பேசின், அதில் கிருமி கொல்லும் லோஷன் கலந்த தண்ணீர். பக்கத்தில் ஒரு துண்டு.

அதில் கையை நனைக்காமல் எவனும் உள்ளே போக முடியாது. பெரிய டாக்டரையே மறித்திருக்கிறார். "இன்னா டாக்டரே, கைய நனைக்காம போய்கினே கீறே?" அவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து நனைப்பார்.

ஆயுத பூஜைக்கு வென்டிலேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு பேசினுக்கும் வைப்பார். அவ்வளவு பெருமை.

ஆனால் தண்ணீரைக் கொட்டி மாற்ற மாட்டார். நிறம் குறைந்தால் மேலே கொஞ்சம் லோஷன், கொஞ்சம் தண்ணீர்... மாற்ற வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டும் ஒரு பையன், லாரி இடித்துத் தலையில் அடி. ஐந்தாம் நாள் கண் திறந்தான்.

சரோஜாக்கா மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து அவன் தலைமாட்டில் வைத்தார். "பொயச்சிக்குவான் பாரு நைனா."

ஏழாம் நாள் காய்ச்சல். தொண்டைக் குழாயில் பச்சையாகச் சளி.

அந்தச் சளியில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கக் கல்ச்சர் போட்டேன். தட்டில் மருந்து தோய்த்த காகித வட்டங்களை வைத்தால், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி அதைச் சுற்றி வளராது. இது எல்லா வட்டத்தையும் ஒட்டி வளர்ந்திருந்தது. எங்களிடம் இருந்த ஒரு மருந்தும் கேட்கவில்லை. மூடியைத் திறந்தால் திராட்சை வாசனை.

பையன் இறந்தான். அடுத்த பெட், அதற்கடுத்த பெட்... அதே கிருமி. மூன்று பேர்.

தண்ணீர்க் குழாய், ட்யூப், டிராலி என்று எல்லாவற்றிலும் பஞ்சு தடவி எடுத்தேன். கடைசியில், சும்மா, பேசினிலும்.

மறுநாள் பேசின் தட்டைத் திறந்தேன். திராட்சை வாசனை.

நாங்கள் எல்லோரும் ஒழுங்காகக் கையை நனைத்து, பெட் பெட்டாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

பெரிய டாக்டர் தட்டைப் பார்த்துவிட்டு மூடியை மூடினார். பிறகு, "பேசினைத் தூக்கிப் போடுங்க. வெளிய மூச்சு விடாதீங்க." நான் விடவில்லை. கோழைப்பயல் நான்.

"இன்னாத்துக்கு நைனா என் பேசின எட்த்தாங்கோ?"

"இனிமே குழாய்ல சோப்புக்கா. புது ரூல்." இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர்.

சில வருடம் கழித்து ஆவடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நலம் விசாரித்தார். அப்புறம் சட்டென்று, "அந்த பிரஸ்காரப் புள்ள ஏன் நைனா செத்துச்சு? ஒருத்தரையும் கை நனைக்காம உள்ள உடலியே நானு."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

போன வாரம் மகள் போனில் ரிப்போர்ட்டைப் படித்தாள். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் போன இடத்தில் நிமோனியா, வென்டிலேட்டர். "எல்லா மருந்துக்கும் நேரா ஆர்னு போட்டுக்குதுண்ணா. அப்டின்னா இன்னா?"

எனக்குத் தெரியும்: ரெசிஸ்டன்ட், எந்த மருந்தும் கேட்காது. "டாக்டர் பாத்துப்பாரும்மா" என்றேன்.

நேற்று முன்தினம் போனேன். வாயில் குழாய், பேச முடியாது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் லேசாகத் தூக்கி, ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டினார்.

"நனைச்சிட்டேன்க்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கள்ளிக்குப்பத்தில் எடுக்கிறார்கள். முடிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாங்க அக்கா... அன்றைக்கு ஆவடியில் நான் ஏறியது என் பஸ்ஸே இல்லை.