பெரியப்பாவின் கழுத்து கறுத்த காலை

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருவுக்கே ஒரு பந்தயம் கிடைத்தது. திருவொற்றியூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்த என் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். எதிர்வீட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டும் மாமாவுக்கும் அதே. இரண்டு பேருக்கும் ஒரே மருத்துவமனையில் கதிர் சிகிச்சை. யார் கழுத்து முதலில் கறுக்கும் என்பதுதான் பந்தயம்.

லாரி மாமா ஜெயித்துவிட்டார். சில வாரங்களிலேயே அவர் கழுத்து சிவந்து, கறுத்து, தோல் உரிந்து, சட்டை போட முடியாமல் உட்கார்ந்திருந்தார். தெருவே வந்து பார்த்து, சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனது. பெரியப்பாவின் கழுத்தோ கல்யாண மாப்பிள்ளை கழுத்து மாதிரி பளபளத்தது. தினமும் காலையில் செல்போன் டார்ச் அடித்து அதைச் சோதிப்பது என் வேலை. ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

பெரியப்பாவுக்கு அதைவிட. சூடு ஏறாமல் எந்த இரும்பும் ஒட்டாது என்று வாழ்ந்தவர் அவர்.

"அவனுக்கு கருகிப் போயி கீது. எனுக்கு இன்னா கீது? மெஷினு சும்மா லைட்டு அடிச்சிகினு கீது. நாளைலேர்ந்து நா வர்ல, ஆள வுடு."

பாதியில் நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பெரியம்மா கெஞ்சினாள், திட்டினாள், சாமி மேல் சத்தியம் வாங்கப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னை எழுப்பி, கையில் கண்மை டப்பாவைக் கொடுத்தாள்.

பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா மையை விரலில் எடுத்து அவர் கழுத்தில் மெல்லத் தடவினாள். ஓரங்களில் குங்குமம் வைத்துச் சிவப்பாக்கியது நான். அத்தனை சந்தோஷமாக நான் எந்தப் படமும் வரைந்ததில்லை.

அவர் எழுந்ததும் கண்ணாடியை நீட்டிக் கத்தினேன். "பெரீப்பா, கறுத்துகிச்சி!"

அவர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். "ஆமா மே, சரியா புடிச்சிகினு கீது. கெளம்பு, கெளம்பு" என்றார். நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

மருத்துவமனையில், கதிர் படும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு வலைமூடியை மாட்ட வந்தவர் மையைக் கண்டுபிடித்துவிட்டார். தோலில் எதையும் பூசக்கூடாது என்று பெரியம்மாவுக்கு நல்ல டோஸ். ஈரத்துணியால் துடைத்தபோது பெரியப்பா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. விஷயம் டாக்டரம்மா வரை போனது. அவர் சிரித்துவிட்டார்.

கதிர் இரும்பைப்போல் எதையும் சுடுவதில்லை, செல்லுக்குள் போய், அந்தச் செல் பெருகுவதற்கான டி.என்.ஏ. சரக்கை உடைக்கிறது என்றார். நல்ல செல்கள் பெரும்பாலும் அடுத்த நாளைக்குள் தம்மைச் சரிசெய்துகொள்ளும், புற்றுநோய்ச் செல்களுக்கு அது அவ்வளவாக வராது, அதனால்தான் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கிறோம் என்றார். ஒரே அளவு கொடுத்தாலும் ஒருவர் தோல் கருகும், இன்னொருவர் தோல் லேசாகத்தான் நிறம் மாறும். தோலை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிட முடியாது. பெரியப்பாவின் தொண்டைக்குள் தினம் ஒரு சண்டை, சாயங்காலமானால் நம் ஆட்கள் மட்டும் ரிப்பேர் வேலை பார்க்கிறார்கள்! எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

"அப்போ எனுக்கும் வேல நடந்துகினுதான் கீதா?" என்றார் பெரியப்பா.

"முழுசா முடிங்க, பாத்துச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

முழுசாக முடித்தார். லாரி மாமாவின் கழுத்தும் ஆறிற்று. இன்றும் இருவரும் கரகரத்த குரலில் கேரம் போர்டு மேல் சண்டை போடுகிறார்கள்.

பெரியப்பாவை ஏமாற்றிக் கூட்டிப்போன கதையைப் பள்ளி திறந்ததும் வகுப்பு முழுக்கச் சொன்னேன். வாழ்நாளெல்லாம் தீக்காயத்தோடு பழகியவருக்குக் கண்மை தெரியாதா என்று எனக்குத் தோன்றவேயில்லை. அன்று காலை ஆட்டோவில் போகும்போது, மை ஒட்டியிருந்த பெரியம்மாவின் விரல்களை அவர் தன் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தார். ஊசிக்குப் பயந்துதான் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, நான் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.