செவ்வாய்க்கிழமை மேசை

மலேசியாவில், சுங்கை வேயில் உள்ள அந்தச் சிறிய பாப்டிஸ்ட் சபையில் செவ்வாய்க்கிழமை காலை ஆராதனை கிடையாது. கூடத்தில் ஒரு மேசை போடுவார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி என்னும் அடையாள அட்டை மட்டும் வைத்திருப்பவர்களும் அதன் முன் வந்து உட்காருவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்களுக்காக அலைபவர் சீதாலெட்சுமி. அவர் சபையைச் சேர்ந்தவர் அல்லர். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்.

அவர் முதன்முதலாக அங்கே போனது 2003இல், ஏழு வயது மகள் மலரைக் கூட்டிக்கொண்டு. பத்திரம் இல்லாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று அன்று காலைதான் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சீதாலெட்சுமிக்கே பத்திரம் கிடையாது. கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிரசவத்தில் தாய் இறந்துபோக, தகப்பன் பிறப்பைப் பதியவில்லை. ஐசி இல்லாததால் லோரி ஓட்டுநர் பாலனுடன் நடந்த திருமணத்தைப் பதிய முடியவில்லை. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை சேராது என்பதால் அந்த இல்லாமை மகள் வரைக்கும் வந்துவிட்டது.

தோட்டங்களை மூடியபோது வெளியேறி வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த சபை அது. அதற்கும் முன்னால் தொழிற்சாலைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் சீதாலெட்சுமி அங்கே போனார். ஆனால் வாசல் கேட்டைத் தாண்டத் தயங்கி நின்றார். அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற, சபையைச் சேர்ந்த ஜனகா, யாழ்ப்பாண வம்சத்தவர், வெளியே வந்தார்.

“உள்ளுக்கு வாங்கோ. பிள்ளைய வெயில்ல நிக்க வைக்காதேங்கோ.”

“நாங்க மதம் மாறணுமா ஆன்டி?”

“நாப்பது வருசமா இங்க இருக்கிறம். விண்ணப்பப் பாரம் நிரப்பினதுக்காக ஒருத்தரையும் ஞானஸ்நானத்துக்குத் தண்ணியில இறக்கினதில்ல. இருங்கோ.”

பள்ளியில் சேர முடியாத பிள்ளைகளுக்காகச் சபை நடத்திய வகுப்பில் மலர் படிக்கத் தொடங்கினாள். சீதாலெட்சுமியின் பிறப்புக்குச் சாட்சி தேடி ஜனகா பல பேரிடம் விசாரித்தார். கடைசியில், அன்று பிரசவம் பார்த்த வீரம்மா கிள்ளானில் மகன் வீட்டில் இருப்பது தெரிந்தது. சபை வேனில் போனார்கள்.

வீரம்மா நெடுநேரம் முகத்தையே பார்த்தார். “நீ பொறந்ததும் அழல. உங்கம்மாவுக்குத் துணி போத்துன பிறகுதான் அழுத.”

“எங்கம்மா எப்படி இருப்பாங்க?”

“ஒன்ன மாதிரிதான். கொஞ்சம் ஒசரம்.”

தாயின் படம்கூட இல்லாத சீதாலெட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வீரம்மா சத்தியப் பத்திரத்தில் கைரேகை வைத்தார்.

அதன் பிறகும் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் ஜனகா பதிவு அலுவலகத்துக்குப் பஸ்ஸில் கூடவே போனார். புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டிய பிறகும் தலையில் துணி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். 2011இல் இறந்தார். பத்து மாதம் கழித்து, குடிமக்களுக்கு உரிய நீல ஐசி வந்தது. சீதாலெட்சுமிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மலரோடு செராஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர், “வந்துருச்சு ஆன்டி,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மேசை வேலைக்கு உதவ சபைக்கு வந்தார். பாஸ்டர் ஜெயந்திரன் கேட்டார்: “மலாய்ல எழுத வருமாம்மா?”

“வராது பாஸ்டர். எந்தக் கவுண்டர்ல நிக்கணும்னு தெரியும்.”

பாரங்களை மலர் நிரப்பினாள். அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது பத்தொன்பது வயதில். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மைத் தனியாக எழுதி, இப்போது பாலர் பள்ளியில் ஆசிரியை. சீருடை போட்டுப் பள்ளிக்குப் போகும் வயது அவளுக்கு வராமலே கடந்துவிட்டது. அதைப் பற்றித் தாயும் மகளும் பேசிக்கொள்வதில்லை.

சபையின் அறுபதாம் ஆண்டு நன்றி ஆராதனையில் ஊழியம் செய்தவர்களின் பெயர்களை பாஸ்டர் வாசித்தார். ஜனகாவுக்கு அடுத்து சீதாலெட்சுமியின் பெயர் வந்தது. கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

“பாஸ்டர், வேலாயுதம் ஐயா பேரையும் சொல்லுங்க.”

எட்டு வருடம் அவரோடு அலுவலகங்களுக்கு அலைந்த முதியவர் வேலாயுதம். இந்த மண்ணிலேயே பிறந்தவர். அந்த ஆண்டு மார்ச் மாதம் சிவப்பு ஐசியோடு இறந்துபோனார்.

“அவரு ஊழியம் ஒண்ணும் செய்யல. கெடைக்காமலே போயிட்டாரு. ஒரு தடவ யாராச்சும் மேடையில சொல்லட்டும்னு பாத்தேன்.”

பாஸ்டர் தாளைக் கீழே வைத்தார். “வேலாயுதம், சுங்கை வே,” என்றார். யாரும் சொல்லாமலே சபை எழுந்து நின்றது.