கோட்டைத் திடலில் கூப்பிட்ட பெயர்

1938 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பினாங்குக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசராக இருக்கும் என் கணவர், தொண்டர் படையில் காயம்பட்டவர்களைத் தூக்கும் பிரிவில் பயிற்சி எடுத்துவந்தார். அன்று மாலை ஐந்து மணிக்குப் பினாங்குக் கோட்டைத் திடலில் பெயர் கூப்பிடுவார்கள். ஓரடி முன்னே வைப்பவர் படையாள். வைக்காதவர் வீடு திரும்பலாம். பத்திரிகையைத் திறந்தாலே யுத்தப் பேச்சு. "வேண்டாம்" என்று சொல்ல வீட்டில் எனக்கு வாய் வரவில்லை. அவர் காலையிலேயே போய்விட்டார். அங்கேயாவது சொல்லிவிடலாமென்று, மூன்று வயது மகனுடன் மத்தியானம் கிளம்பினேன்.

மகனுக்கு என் மாமனார் பெயர், சாமிநாதன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பார்கள். நான் காலேஜில் படித்தவள் இல்லையா, வாய் நிறையக் கூப்பிடுவேன்.

பிறைத் துறைமுகம் வரை ரயிலில் சுமார் பத்து மைல். அங்கிருந்து ஃபெரி, அரை மணி. மழையால் அன்று அது தாமதம். திடலுக்கு ரிக்‌ஷா பதினைந்து காசு. மழையில் இருபது கேட்பார்கள், பேரம் பேசி நேரத்தை விடாதீர்கள்.

திடலில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் வரிசையாக நின்றார்கள். நாலாவது ஆள் அவர். கை காட்டினேன், அவர் திரும்பவில்லை. படையின் வெள்ளைக்காரத் துரை உரக்கக் கூப்பிட்டார்: "சாமிநாதன்!"

"நா இங்க இருக்கேன்!" என்று என் இடுப்பிலிருந்து பதில் வந்தது. வழுக்கி இறங்கியவன் கயிற்றுக்கடியில் நுழைந்து ஓடினான்.

கடலை விற்றவர் சிரித்தார். "என்னாக்கா, பால்குடியக்கூட பட்டாளத்துல சேத்துட்டீங்களா? தொப்பி கண்ண மறைச்சிடும் லா!"

சேற்றில் விரட்டிப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் "சார்!" என்று என் கணவர் குரல். நிமிர்ந்தபோது ஓரடி முன்னே நின்றுகொண்டிருந்தார்.

கலைந்தபின் கேட்டேன். "ஏங்க, இவன் பேர ஏன் குடுத்தீங்க?"

"குடும்பப் பேரு என்னான்னு துரை கேட்டாரு. நமக்கு ஏது? அப்பா பேரச் சொன்னேன். அதத்தான் கூப்பிடுறாங்க."

"நாளைக்கு யுத்தத்துலேருந்து சேதி வந்தா எந்தப் பேர்ல வரும்?"

அவர் மகனின் சட்டையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஃபெரிக்கு நேரமாச்சு" என்றார்.

போகிற பெண்களுக்கு: முற்பகல் ரயிலைப் பிடியுங்கள், குடை எடுங்கள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். திடலில் அதற்கு இடமில்லை.

இப்போதெல்லாம் சாப்பிடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மகன் "சார்!" என்று விறைத்து நிற்கிறான். அதனால் "தம்பி" என்றே கூப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சந்தோஷம். "இப்பதான் மாமனார் பேருக்கு மரியாதை வந்துச்சா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.