இலை கழித்த தக்காளி

கண்ணுகளா, அம்மாவின் சேலைகளைத் தக்காளிக் காட்டில் ஏன் கட்டினோம் என்று கேட்டீர்கள். அப்போது பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது, அதனால் எழுதுகிறேன்.

தை மாதம் நாற்று நட்ட மறுநாளே மோட்டார் புகைந்துபோனது. அதைச் சரிசெய்து வாங்கும்வரை உங்கள் அம்மா தொட்டித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து, செடிக்கு ஒரு சொம்பாக ஊற்றினாள். அந்த இருபது சென்ட் தக்காளி பிழைத்தது அவளால்தான்.

சித்திரையில் செடி இடுப்புயரம் நின்றது. கொத்துக் கொத்தாகப் பச்சைக்காய். அடி இலைகளில் மட்டும் கரும்புள்ளி. இலையைக் கழித்தால் காற்றோட்டம் வந்து காய் திரளும் என்று செல்போனில் ஒருவர் செய்துகாட்டினார். அவர் நின்றது வெயில் படாத பச்சை நிழல்வலைக் குடிலுக்குள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. காயை மூடியிருந்த இலைகளையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டேன்.

“ஏனுங்க, இப்படி மொட்டையடிச்சுப்போட்டீங்களே, காய்க்கு நெழலு வேண்டாமுங்களா?” என்றாள் அம்மா.

“நீ வேணும்னா கொட புடிச்சுட்டு நில்லு அம்மணி” என்று சிரித்தேன்.

நாலாம் நாள் மேற்கே பார்த்த காய்களில் வெள்ளைத் திட்டு விழுந்தது. மேல்தோல் காகிதம் மாதிரி, உள்ளே வெந்து கொழகொழவென்று. பூக்கள் காம்போடு உதிர்ந்தன. காலையில் தண்ணீர் கட்டியும் மதியம் செடி துவண்டது.

அம்மா பீரோவிலிருந்த பழைய நூல் சேலைகளை அள்ளி வந்தாள். செடிமேல் போர்த்தினால் புழுங்கிவிடும் என்று, காற்றுக்கு இடம் விட்டு, மேற்குப் பக்கம் குச்சி நட்டு அதில் கட்டினோம். பதினோரு சேலை. இரண்டு வரிசைக்கே சரியாகப் போயிற்று.

காய் எடுக்க வந்த வியாபாரி ஒன்றைப் பிட்டுப் பார்த்தார். “ஏனுங்ணா, செடியிலயே ரசம் வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது?” வண்டிக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அம்மா சிரிக்கவில்லை.

வெயில் காலத்தில் புள்ளி விழுந்த இலையை மட்டும் எடுங்கள். காய்க்கு மேலே இருக்கிற இலையில் கை வைக்காதீர்கள்.

சேலை கட்டிய வரிசைகளில் பாதிக் காய் தேறியது. மற்ற செடிகளைப் பிடுங்கியாக வேண்டியிருந்தது. நான் குனிந்து முதல் செடியைப் பிடித்தேன்.

“நீங்க தொட வேண்டாமுங்க. நானே புடுங்கிக்கறனுங்க.”

பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டாள். நான் கிணற்று மேட்டில் நின்றிருந்தேன். அவள் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.