சந்தேகம் சார் எழுதிய ஒரு பக்கம்

அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் மெய்ப்புத் திருத்தியவர். எந்த வரியையும் நம்பாமல் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சந்தேகம் சார்'. மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தார். அவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், இவர் அச்சுத்தாளைச் சரிபார்ப்பார்.

அச்சகத்தின் பொன்விழா மலருக்கு, மறக்க முடியாத சந்தோஷம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். மனைவியோடு முதன்முதலாக மனம்விட்டுப் பேசிய மதியத்தை எழுதினார். சாப்பாட்டு இடைவேளை, படிக்கட்டு, அவள் ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தது. எழுதியதை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவி தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இது நான் இல்லை."

அவ்வளவுதான். அதன்பிறகு டம்ளர்கள் மேசையில் 'ணங்' என்று உட்கார்ந்தன. அந்தக் காலத்தில் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் இருந்தவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று காய் நறுக்கியபடியே ஒரு கேள்வி வந்தது. தெரியாது என்றார். தெரியாதென்று இவ்வளவு சீக்கிரம் எப்படிச் சொல்ல முடிகிறது என்று அடுத்த கேள்வி வந்தது.

அவருக்கும் சந்தேகம் தொற்றியது. அந்த மதியத்தையே இவள் மறந்துவிட்டாளா? இல்லை, அன்று படிக்கட்டில் இருந்த எல்லோருக்கும் ஆரஞ்சு கொடுத்தாளா? பக்கத்தை ஒன்பது முறை படித்தார். பிழையே இல்லை. மறுநாள் கொடுத்தாக வேண்டும். அவள் 'நான் இல்லை' என்று சொன்ன பக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

"பழையபடி நீ படி. நான் கேக்கறேன்" என்றார்.

தொழில் பழக்கம் விடவில்லை. மனைவி குறிகளையும் சேர்த்தே படித்தார். "அவள் காற்புள்ளி படிக்கட்டில் காற்புள்ளி பச்சைக் குடையை மடியில் வைத்துக்கொண்டு..."

"நிறுத்து. என்ன குடை?"

"அதைத்தானே நானும் கேக்கறேன். என்கிட்ட பச்சைக் குடை எப்ப இருந்துச்சு? யாரு அவ?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு சுழி விட்டுப்போயிருந்தது. கூடை என்று நினைத்து எழுதியவர், ஒன்பது முறையும் கூடை என்றே படித்திருக்கிறார். சமையலறையைக் காட்டினார். கைப்பிடியில் கம்பி சுற்றிய அதே பச்சைக் கூடையில் இப்போது வெங்காயம் கிடந்தது.

மனைவி கூடையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பென்சிலை வாங்கிச் சுழியைத் தானே போட்டார். அடுத்த வரிக்குப் போனதும் பென்சில் மறுபடி நின்றது.

"ஆரஞ்சு இனிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அது புளிப்பு. திங்க முடியாமத்தான் பாதியை உங்ககிட்ட தள்ளினேன்."

அவர் வரியை அடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தை அப்படியே உறையில் வைத்தார்.