பக்கத்து அறைக்குக் கேட்காத வாத்தியம்

போன வாரம் சென்னையில் ஒரு சின்ன ஹாலில் கிளாவிகார்ட் கச்சேரி. பியானோ பிறப்பதற்கு முன்பே இருந்த வாத்தியம் அது. மேஜைமேல் வைக்கிற நீளப் பெட்டி. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு பித்தளைத் தகடு எழுந்து தந்தியைத் தொடும். சத்தம்? கொசு பாடுகிற அளவுதான்.

பக்கத்து சீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார். "மைக் வைக்க மாட்டாங்களா மேடம்? வெளியில நிக்கிறவனுக்கு உள்ள கச்சேரி நடக்குதுன்னே தெரியாதே."

தெரியாதுதான். இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தில் எதையெதையோ எழுதியிருக்கிறேன். சுகிர்தத்தைப் பற்றி எழுதியதில்லை. ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சீர்காழிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் மியூசிக் டீச்சர். பள்ளி பங்களாவின் பின்னறையில் ஒரு கிளாவிகார்ட் இருந்தது — சொந்த ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போனது. அவர் மனைவிதான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

சுகிர்தம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். அவர்கள் தெரு சர்ச்சுக்கு யாரோ பழைய ஆர்கன் ஒன்றைக் கொடுக்க, வாசிக்க ஆளில்லை. நன்றாகப் பாடுவாள் என்று இவளைக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வயலிலிருந்து நேராக வருவாள், பின்கட்டு வழியாக. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். அவளுக்கும் என் வயதுதான். ஆனாலும் அவள் என்னை 'நீங்க' என்றாள். நான் அவளை 'நீ' என்றேன். அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

கிளாவிகார்டில் கட்டையை முரட்டுத்தனமாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். மற்ற மாணவிகளுக்கு இது பிடிபட மாதக்கணக்காகும். சுகிர்தம் மூன்றாவது வாரமே விரலை லேசாக அசைத்து ஒரு ஸ்வரத்தை நடுங்க வைத்தாள். கமகம் மாதிரி.

"இப்படிப் பண்ணலாமா டீச்சர்? அழுவுற மாதிரி இருக்கு."

"பண்ணலாம்" என்றேன். எனக்கு அது வர இரண்டு வருடம் ஆனதைச் சொல்லவில்லை.

அந்த வருட அறுவடை வந்தது. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் மாறவில்லை. கூலியை ஏற்றாமல் அறுப்புக்கு இறங்க மாட்டோம் என்றார்கள் ஆட்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம், களத்தில் கைகலப்பு. மிராசுதாரின் ஏஜெண்டுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் எழுதிய ஏழு பெயரில் சுகிர்தமும் ஒன்று. விவசாயக் கூலிகள் சங்கக் கூட்டத்தில் பாடுகிறவள்... பெயர் எல்லோருக்கும் தெரியுமே.

ஆனால் அந்த நேரம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் அண்ணன் வந்தார். படியேறவில்லை.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் டீச்சர். அவ இங்கதான் இருந்தான்னு."

"சொல்றேன்" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன்.

போலீஸ் பங்களா வாட்ச்மேனை விசாரித்தது. அவர் பொய் சொல்லவில்லை. "முன்னாடி வராண்டாவுலதாங்க இருந்தேன். யாரும் வந்ததை நான் பாக்கல. உள்ள ஒரு சத்தமும் கேக்கலீங்க."

பள்ளி நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். மிராசுதாருக்கு வேண்டியவர். கோபமே படவில்லை.

"உக்காருங்கம்மா. ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு நெல்லு யார் வீட்டுலேருந்து வருதுன்னு தெரியுமில்ல? வாட்ச்மேன் ஒண்ணும் கேக்கலங்குறான். நீங்க மட்டும் கேட்டேங்கிறீங்க. பொய் சொல்ல வேணாம்மா. சரியா ஞாபகம் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான்."

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா படுத்த படுக்கை. காரணம் சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது... நினைவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொய் சொல்ல எல்லோருக்கும் பயம் உண்டு. மறந்துவிட்டது என்று சொல்ல மட்டும் யாரும் பயப்படுவதில்லை — கவனித்திருக்கிறீர்களா?

சுகிர்தத்துக்கு ஒரு வருடம் ஜெயில்.

வெளியே வந்தபின் ஒரு நாள் என்னைத் தேடி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னைக்கு நான் கிளாசுக்கு வந்தேனா?"

நான் நாற்காலியை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"கோர்ட்டுல, ஜெயில்ல, எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சு. வேற கிழமையை நெனச்சுக்கிட்டிருக்கியோன்னு எங்கண்ணனே கேக்குது. நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்."

"வந்தே."

"என்ன வாசிச்சேன்?"

சொன்னேன். எந்தக் கீர்த்தனை, எந்த அடியில் மோதிர விரல் தடுமாறியது, எத்தனை தடவை திரும்ப வாசித்தாள்... எல்லாம் சொன்னேன்.

நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப எனக்குப் புத்தி பெசகல" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு வரவில்லை.

நான் அதே பள்ளியில் இன்னும் முப்பது வருடம் வேலை பார்த்தேன். எந்த மாணவியையும் மறக்காத டீச்சர் என்று எனக்கு நல்ல பெயர்.