ராசியில்லை என்று திருப்பிய தோடு

அப்போது நாங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பண்ருட்டி நகைக்கடை ஒன்றிலிருந்து ஒருவர் வைரத்தோடுகளைக் கொண்டுவந்து எங்கள் பிளாக்கில் விற்பார். ராசி பார்க்காமல் யாரும் வைரம் வாங்க மாட்டார்கள் என்பதால், நாலைந்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி நம்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.

நாத்தனார் கல்யாணத்துக்கு வைரத்தோடு போட்டுக்கொள்ள எனக்கு ஆசை. விலை கொடுக்க வசதியில்லை என்று தெரிந்தே, ராசி பார்ப்பதாகச் சொல்லி ஒரு ஜோடியை வாங்கி வைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் எல்லோரும் என் காதையே பார்த்தார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது, "கல்லு வந்த அன்னைக்கே பையனுக்குக் காய்ச்சல் வந்துடுச்சுங்க. ராசியில்லை" என்றேன். பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு பிளாக்கில் யாரும் அவரிடம் கல் வாங்கவில்லை.

அடுத்த வாரம் அவர் மறுபடியும் வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு விபூதிப் பொட்டலத்தை நீட்டினார்.

"திருவதிகை கோயில்ல புள்ளைக்காக வேண்டிக்கினேங்கம்மா. என் கல்லால வந்த காய்ச்சலாச்சேன்னு மனசு அடிச்சிக்கினே இருந்திச்சி. இப்ப தேவலைங்களா?"

காய்ச்சலே வராத என் மகன் நெற்றியில், அவர் எதிரிலேயே விபூதியைப் பூசினேன்.

"தேவலைங்க."

அவர் முகத்தில் பரவிய நிம்மதியைப் பார்த்தும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் எங்கள் பக்கம் வருவதே நின்றுபோயிற்று.

பல வருஷம் கழித்து என் கணவர் வைரத்தோடு வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு வைரம் பிடிக்காது என்று அவரிடமும் பொய்தான் சொன்னேன்.